மூடிய நிலையத்தில் மீண்டும் ரயில் நிற்குமா?

கேள்வி: நியூயார்க் மாநகர மன்றத்தின் அடியில் மிக அழகான சுரங்க ரயில் நிலையம் ஒன்று பல்லாண்டுகளாகப் பூட்டிக் கிடப்பதாகப் படித்தேன். அதை ஏன் கைவிட்டார்கள்?

பதில்: நீங்கள் குறிப்பிடுவது சிட்டி ஹால் நிலையம். 1904 அக்டோபர் 27 அன்று அந்நகரின் முதல் சுரங்க ரயில் இங்கிருந்துதான் புறப்பட்டது; அன்றைய மேயர் ஜார்ஜ் மெக்லெலன் தாமே கைப்பிடியைப் பிடித்து ரயிலை ஓட்டிச் சென்றார். கட்டணம் ஐந்து சென்ட். புதிய பாதையின் முகப்பாக விளங்க வேண்டும் என்பதால், ஹைன்ஸ், லஃபார்ஜ் என்னும் கட்டடக் கலைஞர்கள் இதற்குத் தனிக்கவனம் செலுத்தினார்கள். குஸ்டவினோ முறையில் ஓடுகளை அடுக்கடுக்காக ஒட்டி எழுப்பிய வளைவுக் கூரை, பித்தளைச் சரவிளக்குகள், மேலிருந்து பகல் வெளிச்சத்தை இறக்கும் கண்ணாடிச் சாளரங்கள் என எல்லாம் அங்கே இருந்தன. ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் அண்ணாந்து பார்ப்பாரா என்று கேட்கத் தோன்றினாலும், அந்தக் காலத்தில் தரைக்கடியில் இறங்க அஞ்சியவர்களுக்கு இந்த அலங்காரம் ஒரு தைரியமாக இருந்திருக்கும்.

மூடியதற்குக் காரணம் அதன் வடிவம்தான். முனையம் என்பதால் ரயில் திரும்பிச் செல்வதற்காகப் பாதையை ஒரு வளையமாக அமைத்து, நடைமேடையை அந்த வளைவின் மேலேயே கட்டியிருந்தார்கள். வட்டமான தட்டின் உட்புறத்தில், விளிம்பை ஒட்டி ஓர் அளவுகோலை வைத்துப் பாருங்கள்: இரு முனைகளும் விளிம்பைத் தொடும், நடுப்பகுதி விலகி நிற்கும். கதவுகள் பெட்டியின் முனைகளில் மட்டும் இருந்தவரை இதனால் தொல்லையில்லை. நடுவிலும் கதவு வைத்த பெட்டிகள் வந்தபோது, பயணி கால் வைக்க வேண்டிய இடத்தில் ஆபத்தான இடைவெளி வாய் பிளந்தது. ரயில்களும் நீண்டுகொண்டே போயின. நடைமேடையை நீட்டியும் திருத்தியும் கட்டலாம்தான். ஆனால் விரைவு ரயில்களும் நிற்கும் புரூக்ளின் பிரிட்ஜ் நிலையம் சிறிது தூரத்திலேயே இருந்ததால் மக்கள் அங்கே போய்விட்டார்கள். கடைசிக் காலத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 பேரே வந்து போன நிலையத்துக்கு யார் செலவழிப்பார்கள்? 1945 டிசம்பர் 31 அன்று அது மூடப்பட்டது.

கேள்வி: அப்படி மூடிய நிலையங்கள் எங்காவது மீண்டும் திறக்கப்பட்டதுண்டா?

பதில்: உண்டு, மூடியதற்கான காரணம் நீங்கிய இடங்களில். பெர்லின் நகரைச் சுவர் பிரித்தபின், மேற்கு பெர்லினின் சில பாதைகள் கிழக்குப் பகுதிக்கு அடியில் ஓடின. அங்கிருந்த நிலையங்களில் ரயில்கள் வேகத்தைக் குறைத்து, நிற்காமலே கடந்தன. மங்கிய வெளிச்சத்தில் காவலர்கள் மட்டும் நின்ற அந்நிலையங்களுக்கு மக்கள் பேய் நிலையங்கள் என்றே பெயரிட்டார்கள். சுவர் திறந்த இரண்டே நாளில், 1989 நவம்பர் 11 அன்று, யானோவிட்ஸ்புரூக்கே நிலையம் திறக்கப்பட்டது. மற்றவை ஒவ்வொன்றாகத் தொடர்ந்தன. தண்டவாளமும் ரயிலும் அங்கேயே இருந்தன, தடுத்தது அரசியல் மட்டுமே.

பாரிஸின் க்ளூனி நிலையம் வேறு வகை. 1939இல் போர் தொடங்கியபோது மூடப்பட்ட அது, அருகிலேயே நிலையங்கள் இருந்ததால் போருக்குப் பிறகும் தேவைப்படவில்லை. புறநகர் ரயிலுக்கு மாறிச்செல்லும் இடமாக அது பயன்படும் என்ற நிலை வந்தபின், 1988இல் மறுபடி திறக்கப்பட்டது. ஓவியர் ழான் பசேன் அமைத்த மொசைக்கில், அப்பகுதியோடு தொடர்புடைய எழுத்தாளர்கள், அறிஞர்களின் கையெழுத்துகள் இன்று அதன் கூரையை நிறைத்திருக்கின்றன.

கேள்வி: சிட்டி ஹால் நிலையத்துக்கும் அந்த வாய்ப்பு வருமா?

பதில்: பயணிகள் ஏறி இறங்கும் நிலையமாக வரும் என்று நான் நம்பவில்லை. வளைவும் அப்படியே இருக்கிறது, அண்டை நிலையமும் இருக்கிறது. லண்டனின் ஆல்ட்விச் நிலையத்துக்கும் ஏறக்குறைய இதே கதைதான்: 1907ஆம் ஆண்டின் லிஃப்டுகளை மாற்றும் செலவுக்கு, நாளொன்றுக்கு வந்த சுமார் 450 பயணிகள் ஈடாகவில்லை என்று 1994இல் மூடினார்கள். இப்போது அங்கே திரைப்படப் படப்பிடிப்பும், வழிகாட்டியுடன் செல்லும் சுற்றுலாவும் நடக்கின்றன.

சிட்டி ஹால் நிலையத்தை அருங்காட்சியகத்தின் பகுதியாக்க 1990களில் ஒரு முயற்சி நடந்தது. மாநகர மன்றத்தின் அடியிலேயே இருப்பதால் பாதுகாப்புக் காரணங்களுக்காகக் கைவிடப்பட்டது. போக்குவரத்து அருங்காட்சியகம் தன் உறுப்பினர்களை அவ்வப்போது உள்ளே அழைத்துச் செல்கிறது. அந்த வாய்ப்பு இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு: ஆறாம் எண் ரயில் புரூக்ளின் பிரிட்ஜில் பயணத்தை முடித்தபின் இந்த வளையத்தைச் சுற்றித்தான் திரும்புகிறது. இறங்காமல் உட்கார்ந்திருந்தால், ரயில் மெல்ல ஊர்ந்து வளையும் சில நொடிகளில் அந்த வளைவுக் கூரைகள் ஜன்னலுக்கு வெளியே நகர்ந்து போவதைக் காணலாம்.