வேகவைத்தால் முட்டையின் புரதம் செத்துவிடுமா?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் அம்மா கேட்கிறார்: பாளையங்கோட்டையில் தங்கிப் படிக்கும் மகன், "வேகவைத்தால் புரதம் செத்துவிடும்" என்று ஜிம் மாஸ்டர் சொன்னதை நம்பிப் பச்சை முட்டை குடிக்கிறான், இப்போது 'உருக்குலையாத புரதம்' என்று ஒரு டப்பா பவுடர் வாங்கப் பணம் கேட்கிறான், அனுப்பலாமா?

அனுப்பாதீங்கம்மா.

வெள்ளைக்கருவின் புரதத்தில் பாதிக்கு மேல் ஓவால்புமின், கோள வடிவப் புரதம். அமினோ அமிலம் என்ற சின்னச் சின்ன மணிகள் 385 கோத்த ஒரு சங்கிலி, அங்கங்கே சுருளாகவும் பட்டையாகவும் மடிந்து உருண்டையாக நிற்கிறது. தண்ணீருக்கு ஆகாத அமினோ அமிலங்கள் பெரும்பாலும் உள்ளே, ஆகிறவை வெளியே, அதனால்தான் தண்ணீரில் கரைகிறது. சூடு பட்டால் மடிப்பு அவிழ்ந்து, உள்ளே இருந்தவை வெளியே வந்து பக்கத்துச் சங்கிலிகளோடு ஒட்டி, வெளுத்துக் கெட்டியாகும். அவ்வளவுதான். சங்கிலி அறுந்துபோவதில்லை. பிளஸ் டூவில் இதை 'இயல்பிழத்தல்' என்று மார்க்குக்கு மனப்பாடம் பண்ண வைத்து அனுப்பிவிடுகிறார்கள், பிறகு பையன் ஜிம்மில் போய் ஏமாறாமல் என்ன செய்வான்?

எப்படியும் குடல் அதை வெட்டித்தான் எடுத்துக்கொள்ளப் போகிறது, அவிழ்ந்திருந்தால் வெட்டுவது சுலபம். சோதித்துப் பார்த்ததில் வெந்த முட்டைப் புரதம் சுமார் 90 சதவீதம் ஜீரணமானது, பச்சையில் 50 சொச்சம்தான். பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி பயம் வேறு.

உருவம் கெட்டால் உண்மையிலேயே வீணாகிற புரதமும் உண்டு: இன்சுலின். அது சாப்பாடு இல்லை, ரத்தத்தில் போய் செல்லின் மேல் சரியாகப் பொருந்தினால்தான் வேலை செய்யும். வாயால் விழுங்கினால் ஜீரணமாகிவிடும் என்றுதான் ஊசி. வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால், பிரிக்காத இன்சுலின் மருந்தை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். ஃபிரீசரில் வேண்டவே வேண்டாம், உறைந்ததைத் தூக்கிப் போடுங்கள், இளகின பிறகு தெளிவாகத் தெரிந்தாலும் சரி. சித்திரை வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இனி பவுடர். ஆட்களை ஜிம்மில் பிடித்துக் கமிஷனுக்கு விற்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. புரத அளவைப் பெரும்பாலும் நைட்ரஜனை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள், அதனால் நைட்ரஜன் உள்ள கிளைசின் என்ற மலிவான அமினோ அமிலத்தைக் கலந்து லேபிளில் எண்ணை ஏற்றிவிட முடியும். 14 இலக்க உணவு உரிம எண் இருக்கிறதே என்பார்கள். அந்த எண் விற்க அனுமதி உண்டு என்றுதான் சொல்லும், டப்பா டப்பாவாக யார் சோதித்தார்கள்?

பில் தராதவரிடம் எதுவும் வாங்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். மாஸ்டர் கேட்டால், முட்டையை வேகவைத்துத்தான் தின்பேன் என்று சொல்லட்டும்.