வாசகர் கேள்வி: வால்ட்ஸ் ஏன் ஓடுகிறது?

கேள்வி: 16 மாணவர்கள் கொண்ட தந்தி வாத்தியக் குழுவை நடத்துகிறேன். நடன மாணவிகள் ஆட, 'நட்கிராக்கர்' பாலேயின் தொடக்க இசையும் 'பூக்களின் வால்ட்ஸு'ம் வாசிக்கப் போகிறோம். வால்ட்ஸ் போகப் போக வேகமெடுத்துவிடுகிறது. இரண்டாம் வயலின் பிள்ளைகள் ஆறு பேரும் சலிப்பாக இருக்கிறது என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: வேகமெடுப்பதும் அந்தப் பிள்ளைகள் சலித்துக்கொள்வதும் ஒரே சங்கதிதான். நான் பல வருடம் வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம்) வாசித்தவள். வால்ட்ஸ் என்பது மூன்று மூன்றாக எண்ணும் நடன இசை. அதில் தாழ்ந்த ஒலி தரும் செல்லோ 'ஒன்று' என்று அடி வைக்கும். 'இரண்டு, மூன்று' மட்டும் வியோலாக்காரர்களான எங்களுக்கும் இரண்டாம் வயலினுக்கும். பக்கம் பக்கமாக அதுதான். ஆனால் ஆடுகிறவர் நுனிக்காலில் எழும்புவது அந்த இரண்டிலும் மூன்றிலும்தான். இதைச் சொல்லாமல் விட்டால், தங்கள் பங்கு வெறும் இட்டுநிரப்பல் என்று நினைத்துப் பிள்ளைகள் சீக்கிரம் முடிக்கப் பார்ப்பார்கள்.

வாத்தியங்களை ஓரமாக வைத்துவிட்டு எல்லோரையும் எழுப்பி நிறுத்துங்கள். ஒன்றுக்கு முழங்கால் மடங்க முழுப் பாதம். இரண்டுக்கும் மூன்றுக்கும் குதிகாலைத் தூக்கிச் சின்னதாக இரண்டு எட்டு. பத்து நிமிடம் அப்படியே அறையைச் சுற்றி வரட்டும். உடம்பு மேலே எழ எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று காலுக்கே தெரிந்துவிடும். அப்புறம் வில்லை எடுக்கட்டும். வில்லின் அடிப்பாதியைத் தந்திமேல் வைத்துவிட்டே தொடங்க வேண்டும். நான்கு விரல் அகலத்துக்குள் இரண்டு வீச்சு: 'இரண்டு' சற்றுப் பிடிப்பாக, 'மூன்று' லேசாக. வில்லைக் காற்றிலிருந்து இறக்கினால் ஆறு பேரும் ஆறு நேரத்தில் வந்து விழுவார்கள்.

வேகத்தை நீங்கள் தனியாக முடிவு செய்யாதீர்கள். 1892-இல் மேடையேறிய இந்தப் பாலேயை சைக்கோவ்ஸ்கி எழுதும்போதே, எந்த இடத்துக்கு எத்தனை பார் (ஒரு தாளச் சுற்று), என்ன வேகம் என்று நடன அமைப்பாளர் மரியுஸ் பெட்டிபா குறித்துக் கொடுத்திருந்தார். கச்சேரிக்கென்று பதிவானவை பல சமயம் கால் தாங்காத வேகத்தில் போகும். அவற்றைக் கேட்டுப் பழக வேண்டாம். இந்த வாரமே நடன ஒத்திகைக்குப் போய் உட்காருங்கள். மெட்ரோனோம் (வேகத்தைத் தட்டிக் காட்டும் கருவி) எண்ணைப் பகுதி வாரியாகக் குறித்து வாருங்கள்.

தொடக்க இசையில் ஒரு சிக்கல் இருக்கிறது. மூலத்தில் செல்லோவுக்கும் டபுள் பேஸுக்கும் பங்கே கிடையாது. அந்த மெல்லிய ஒலியின் அழகே அதில்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் செல்லோ பிள்ளைகள் கை கட்டி உட்கார வேண்டியிருக்கும், அது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. நடன ஆசிரியர் சம்மதித்தால், டெலிப் எழுதிய 'சில்வியா' பாலேயின் 'பிட்சிகாட்டி'யை எடுங்கள். வில் இல்லாமல் விரலால் தந்தியை மீட்டி வாசிப்பது அது. எல்லோருக்கும் வேலை உண்டு. விரல் நகம் படாமல் சதைப்பகுதியால், விரற்பலகையின் முனைப்பக்கமாக மீட்டினால் ஒலி உருண்டு வரும்.

இன்னொன்று. செல்லோக்களை நடுவில் உட்கார வையுங்கள். அவர்களின் வில் 'ஒன்று' என்று கிளம்புவதை இரண்டாம் வயலின் பிள்ளைகள் கண்ணால் பார்க்க முடிய வேண்டும்.