அப்பாவின் மறதிக்கு லெவோடோபாவைக் கூட்டலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது, எட்டு வருடமாகப் பார்க்கின்சன். லெவோடோபாவும் ட்ரைஹெக்ஸிஃபெனிடிலும் சாப்பிடுகிறார். நடுக்கம் பரவாயில்லை. ஆனால் சில மாதங்களாகக் கேட்டதற்குப் பதில் வரவே நேரமாகிறது, மின்கட்டணக் கணக்கில் குழம்புகிறார். மூளையில் டோபமின் என்ற ரசாயனம் குறைவதுதான் காரணம் என்றால், அதை ஈடுகட்டும் லெவோடோபாவைக் கூட்டிவிடலாமா?

பதில்: நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள். நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் டோபமின் பற்றாக்குறை முக்கியக் காரணம். யோசனை மெதுவாவதிலும் அதற்குப் பங்குண்டு. ஆனால் மறதி, குழப்பம் என்று வரும்போது கதை டோபமினோடு நிற்பதில்லை. ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் கட்டிகட்டியாகப் படிந்து, அசிட்டைல்கோலின் சுரக்கும் செல்களையும் அழிக்கிறது. கவனத்துக்கும் நினைவுக்கும் தேவையான ரசாயனம் அது. டோபமினைக் கூட்டினால் இந்தக் குறை தீராது. அளவு மிஞ்சினால் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரியவும் கூடும்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது இரண்டாவது மாத்திரை. ட்ரைஹெக்ஸிஃபெனிடில் நடுக்கத்தைக் குறைப்பதே அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுத்துத்தான். ஏற்கெனவே வற்றிக்கொண்டிருக்கும் கிணற்றுக்கு மூடியும் போட்ட மாதிரி! இந்த வயதில் கூடியவரை தவிர்க்க வேண்டிய மருந்து. அதற்காக இன்றே நிறுத்திவிடக் கூடாது. நரம்பியல் மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். சிறுநீர் அடக்க முடியாமைக்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின், தூக்கத்துக்கு அமிட்ரிப்டிலின், சளி மாத்திரைகளில் இருக்கும் குளோர்ஃபெனிரமின் எல்லாம் இதே ரகம். வீட்டில் இருக்கும் அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கடையில் கேட்டு வாங்கியதையும் விடாமல். பி12, தைராய்டு பரிசோதனையும் கேளுங்கள்.

அப்புறமும் மறதி நீடித்து அன்றாட வேலை பாதிக்கிறது என்றால் ரிவாஸ்டிக்மின் உண்டு. அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பது அதன் வேலை. பார்க்கின்சன் மறதி நோய்க்கு 2006-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பலன் சுமார்தான், நோயையும் நிறுத்தாது. குமட்டல் வரலாம், நடுக்கம் கொஞ்சம் கூடலாம், இதயத்துடிப்பு குறையலாம். குமட்டல் அதிகமென்றால் தோலில் ஒட்டும் பட்டை இருக்கிறது.

ஒன்று மட்டும் அவசரம். குழப்பம் மாதக்கணக்கில் இல்லாமல் இரண்டு மூன்று நாளில் திடீரென ஏறினால் சிறுநீர்த் தொற்றா, நீர்ச்சத்து குறைவா என்று உடனே பார்க்க வேண்டும். அப்போது அவசரப் பிரிவில் பார்க்கின்சன் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அமைதிப்படுத்த ஹாலோபெரிடால் போட்டால், அது மிச்சமிருக்கும் டோபமினையும் வேலை செய்ய விடாது. உடல் கட்டையாக இறுகிவிடும்.