பழைய பிரிட்டிஷ் காமெடிப் பாட்டுகளில் வரும் சொல் விளையாட்டை, ஆங்கிலம் சுமாராகத் தெரிந்தவர் ரசிக்க முடியுமா?

தாராளமாக முடியும். எல்லோரும் சிரிக்கிற இடத்தில் நீங்கள் மட்டும் சப்டைட்டிலைப் படித்துக்கொண்டு முழித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதை அணைத்துவிட்டு முதலில் காதால் கேளுங்கள்.

நான் தமிழ் மீடியம்தான், ஆனால் எங்கள் ஊர் சர்ச் பேண்டில் டிரம்பெட் வாசித்தவன். (பந்தா பண்ணுகிறான் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.) மொசார்ட்டின் நாலாவது ஹார்ன் கான்செர்டோவை (பிரெஞ்சு ஹார்ன் என்ற சுருண்ட பித்தளை ஊதுகருவி முன்னால் நிற்க, ஆர்கெஸ்ட்ரா கூட வாசிக்கும் இசை) எங்கள் பேண்ட் மாஸ்டர் கேசட்டில் போட்டுப் போட்டே மனப்பாடம் ஆக்கியிருந்தார், அதுவும் குதிரை ஓட்டம்போலத் துள்ளும் அந்தக் கடைசிப் பகுதி. பல வருடம் கழித்து கம்பெனி பஸ்ஸில் 'இல் விண்ட்' என்ற காமெடிப் பாட்டைக் கேட்டேன். 1960களில் லண்டன் மேடையில் மைக்கேல் ஃப்ளாண்டர்ஸ், டொனால்ட் ஸ்வான் என்ற பிரிட்டிஷ் காமெடிப் பாட்டு ஜோடி மேடையேற்றியது. மெட்டு அதே மொசார்ட். அதன்மேல் ஃப்ளாண்டர்ஸ், தன் ஹார்ன் காணாமல் போன கதையை ஸ்வரத்துக்கு ஓர் அசையாகப் பொழிகிறார். 'கான்' (gone, போயே போச்சு) என்று சொல்லவேண்டிய இடத்தில் அந்தக் கால மேட்டுக்குடி உச்சரிப்பில் 'கார்ன்' என்று இழுத்து 'ஹார்ன்' உடன் இயைபு சேர்க்கிறார் பாருங்கள், பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன். வெறும் உச்சரிப்புக்காக இல்லை, மெட்டு மூச்சு விடும் இடத்தில் கச்சிதமாக அது வந்து விழுகிறது.

எரிக் மோர்கம்ப் - எர்னி வைஸ் என்ற பிரிட்டிஷ் டிவி காமெடி ஜோடியின் 1971 கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியும் இந்த ரகம்தான். ஆர்கெஸ்ட்ராவின் முன்னிசை முடிவதற்குள் பியானோவுக்குப் போய்ச் சேர முடியாத எரிக், ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் ஆந்த்ரே ப்ரெவினிடம் அதை ஒரு கஜம் நீட்டச் சொல்கிறார். கண்டபடி வாசித்துவிட்டு, ஸ்வரமெல்லாம் சரிதான், வரிசைதான் அப்படி இப்படி என்று சாதிக்கிறார். இதற்கு என்ன பெரிய ஆங்கிலம் வேண்டும்? வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து என்று யாரும் கிளம்ப வேண்டாம், நம்மூர் காமெடி மட்டம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

அது இருக்கட்டும். 'இல் விண்ட்' பாட்டில் அக்கம்பக்கத்தார் ஹார்ன் வாசிப்பை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுவார்கள். எங்கள் அப்பார்ட்மெண்டில் கெஞ்சலெல்லாம் கிடையாது, நேராக சர்க்குலர். சாயங்காலம் அரை மணி நேரம் நான் டிரம்பெட் வாசித்தால் தொந்தரவாம். மொட்டை மாடி பர்த்டே பார்ட்டியில் ராத்திரி பதினொரு மணிவரை ஸ்பீக்கர் அலறினால் அது சந்தோஷமாம். மெயின்டனன்ஸ் மட்டும் என்னிடம் பைசா குறையாமல் வாங்குகிறார்கள். 'இல் விண்ட்' பாட்டின் கடைசியில் ஃப்ளாண்டர்ஸ், இனி ட்யூபா (அடித்தொண்டையில் முழங்கும் பெரிய பித்தளை ஊதுகருவி) வாசித்துத் தூங்குகிறவர்களை ஒரு வழி பண்ணப்போகிறேன் என்பார். நானும் ட்யூபா விலை விசாரித்தேன், கட்டுப்படியாகாது.