கேளுங்கள், சொல்கிறேன்: பாலில் எத்தனை பால்?

போன இதழில் படிவம் நிரப்புவதைப் பற்றி எழுதும்போது 'பாலினம்' என்ற கட்டத்தைப் போகிற போக்கில் தொட்டிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன.

மகளின் கல்லூரி விண்ணப்பத்தில் 'ஜென்டர்' என்று கேட்டிருக்கிறது. நான் படித்த காலத்தில் அதே கட்டத்தில் 'செக்ஸ்' என்று இருக்கும். இரண்டும் ஒன்றா? - வாசகி, காட்பாடி

வேறு வேறுதான், ஆனால் அந்தக் கட்டத்தைப் பொறுத்தவரை ஒன்றுதான். 'செக்ஸ்' என்று அச்சடித்த படிவத்தை நிரப்பும்போது வகுப்பே கிசுகிசுத்துச் சிரிக்கும், எங்கள் வகுப்பும் சிரித்தது. அந்தக் கூச்சத்துக்காகவே பல படிவங்களில் 'ஜென்டர்' வந்து உட்கார்ந்துகொண்டது என்பது என் கட்சி.

லத்தீனில் 'கெனுஸ்' என்றால் வகை, இனம். பழைய பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்தில் 'ஜென்டர்' ஆனது. சினிமாவை வகை பிரிக்கச் சொல்கிறோமே 'ஜானர்', அதுவும் அதே வேரில் பிற்பாடு முளைத்ததுதான். நெடுங்காலம் அந்தச் சொல் பெரும்பாலும் இலக்கணக்காரர்கள் கையில்தான் இருந்தது. 1955-இல் ஜான் மணி என்ற உளவியலாளர், உடலமைப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், ஒருவர் தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ காட்டிக்கொண்டு நடக்கும் விதத்துக்கு ஒரு பெயர் வேண்டும் என்று 'ஜென்டர் ரோல்' என எழுதினார். எழுபதுகளில் பெண்ணியவாதிகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளை சுமப்பது உடம்பு. விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுவது பெண்ணின் வேலைதான் என்று வீடு முடிவு கட்டுவது ஜென்டர்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. நம் 'பால்' என்ற சொல்லுக்கும் முதலில் பகுப்பு, பிரிவு என்பதுதான் பொருள். அறத்துப்பால், பொருட்பால் என்று குறளைப் பிரித்ததும் அந்தப் பாலால்தான், ஆண்பால் பெண்பாலும் அதே பால். ரோமாபுரிக்காரர்களும் தொல்காப்பியரும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது.

ஸ்கேன் சென்டர் பலகையில் 'கருவிலிருக்கும் சிசுவின் பாலினம் அறிவது குற்றம்' என்கிறார்கள், மேடையில் 'பாலின சமத்துவம்' என்கிறார்கள். பாலினம் எது? - வாசகர், வேலூர் சத்துவாச்சாரி

பலகையில் உடம்பு, மேடையில் சமூகம். அந்தப் பலகைக்குப் பின்னால் இருப்பது 1994-இல் வந்த சட்டம். அதற்குத் தெரிய வேண்டியது உடல் மட்டும்தான். உடலுக்குப் 'பால்', சமூகத்துக்குப் 'பாலினம்' என்று பிரித்து எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். பலகை எழுதுகிறவர் கேட்பாரா?

எங்கள் வீட்டில் தெலுங்கு. அம்மா மருமகளையும் 'வச்சிந்தி' (வந்தாள், வந்தது இரண்டுக்கும் அதுதான்) என்பார், எருமையையும் 'வச்சிந்தி' என்பார். மருமகள் தமிழ்ப் பெண், கோபித்துக்கொள்கிறாள். - வாசகர், குடியாத்தம்

அம்மா மேல் தப்பில்லை, தப்பு தெலுங்கு இலக்கணத்தின் மேல். தமிழ் முதலில் மனிதர், மற்றவை என்று திணை பிரித்துவிட்டு, மனிதருக்குள் ஒருமையில் ஆண், பெண் என்று பிரிக்கிறது. தெலுங்கு ஒருமையில் ஆணைத் தனியே எடுத்துவைத்துவிட்டு மிச்சம் எல்லாவற்றையும், பெண் உட்பட, ஒரே கூடையில் போடுகிறது. பன்மைக்குப் போனால் நம்மைப் போலவே மனிதர், மற்றவை. அதனால் அம்மாவை 'வச்சாரு' என்று மரியாதைப் பன்மையில் சொல்லச் சொல்லுங்கள், எருமைக்கு அது கிடைக்காது. அப்புறம், மருமகளிடம் ஒன்று கேளுங்கள்: தூங்குகிற குழந்தையைப் பார்த்து அவரும் 'அது தூங்குது' என்றுதானே சொல்கிறார்?

உருது பேசும் நண்பரிடம் டீயைப் பற்றி ஏதோ சொல்லப்போய், டீ பெண் என்று தெரியாமல் மாட்டிக்கொண்டேன். டீயில் என்ன பெண்மை? - வாசகர், ஆம்பூர்

ஒன்றுமில்லை. உருதுவில் சாய் (டீ) பெண், பானி (தண்ணீர்) ஆண், கிதாப் (புத்தகம்) பெண். இரண்டே பெட்டிதான், எதையாவது ஒன்றில் போட்டாக வேண்டும். ஜெர்மனில் சிறுமியைக் குறிக்கும் 'மேட்சென்' ஆணுமில்லை, பெண்ணுமில்லை. சமஸ்கிருதம் இன்னும் வேடிக்கை: மனைவிக்கான சொற்களில் பாரியை பெண்பால், களத்திரம் இரண்டுமற்றது, தாரம் ஆண்பால்! மூன்றும் தமிழுக்கு வந்து ஒழுங்காகப் பெண்ணாகிவிட்டன.

குழாய்க் கடையில் எம்டிஏ, எஃப்டிஏ என்கிறார்களே? - வாசகர், ராணிப்பேட்டை

இரண்டும் குழாயை இணைக்கும் மரை வைத்த துண்டுகள். எம் என்றால் ஆங்கில 'மேல்' (ஆண்), எஃப் என்றால் 'ஃபீமேல்' (பெண்). மரை வெளியே இருந்தால் ஆண், உள்ளே இருந்தால் பெண். இதற்கு மேல் விளக்கச் சொல்லாதீர்கள், குடும்பப் பத்திரிகை.

'மூன்றாம் பாலினம்', 'திருநங்கை' எது சரி? - வாசகி, ஆற்காடு

திருநங்கை பெண்ணாக உணர்ந்து வாழ்கிறவர், திருநம்பி ஆணாக உணர்ந்து வாழ்கிறவர், திருநர் பொதுச்சொல். 2014 ஏப்ரல் 15 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு மூன்றாம் பாலினத்தை ஏற்றதோடு நிற்கவில்லை. ஆண், பெண், மூன்றாம் பாலினம் இவற்றில் தான் எது என்பதை அவரவரே சொல்லிக்கொள்ளும் உரிமையையும் ஏற்றது. எனவே எல்லாத் திருநங்கையரையும் மூன்றாவது கட்டத்தில் தள்ளுவது சரியில்லை. ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயர் ஆண்பால் முடிவை ஏற்காது என்று தொல்காப்பியரே சூத்திரம் எழுதியிருக்கிறார், ஆக இது நேற்று முளைத்த விஷயமில்லை. எப்படிக் குறிப்பிடுவது என்று தயக்கமாக இருந்தால் 'வந்தார்' என்று சொல்லுங்கள். இந்த வசதி பல மொழிகளில் கிடையாது.

எங்கள் பசுவை 'அவள் வந்துட்டாள்' என்பேன். ஆறாவது படிக்கும் பேரன் 'அது வந்தது' என்று திருத்துகிறான். - வாசகி, அணைக்கட்டு

பேரன் சொல்வது விதி. பசுவை ஆசையாக 'என் அம்மை வந்தாள்' என்றால் பிழையில்லை, அது உவப்பினால் வந்த திணை வழுவமைதி, அதாவது திணை மாறினாலும் இலக்கணம் ஏற்றுக்கொள்ளும் வழக்கு, என்பதும் விதிதான். மேல்வகுப்புக்குப் போனால் அவனுக்கே பாடமாக வரும். அதுவரை அவளை அவள் என்றே கூப்பிடுங்கள்.