எம்மிட் ஸ்மித் – கடிதம்

வணக்கம்,

அமெரிக்கக் கால்பந்தில் பந்தோடு ஓடி எம்மிட் ஸ்மித் எடுத்த 18,355 யார்டு சாதனையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ரொம்பவே தூக்கி வைத்துவிட்டீர்கள். நான் மிச்சிகனில் இருப்பவன், டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் ரசிகன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பாரி சாண்டர்ஸ் ஒரு ஓட்டத்துக்குச் சராசரியாக 5 யார்டு எடுத்தார். ஸ்மித் 4.2தான். அதுவும் டாலஸ் கவ்பாய்ஸின் அந்த மலை மாதிரி லைனுக்கு, அதாவது எதிரணியைத் தடுத்து வழி விடும் வரிசைக்கு, பின்னால் நின்றுகொண்டு, பக்கத்தில் பந்து எறிய ட்ராய் எய்க்மனையும் அதைப் பிடிக்க மைக்கேல் இர்வினையும் வைத்துக்கொண்டு. அந்த லைன் திறந்துவிட்ட வழியில் யார் ஓடியிருந்தாலும் இதே யார்டு வந்திருக்கும். ஸ்மித் ஓவர்ரேட்டட் என்பதுதானே உண்மை?

எஸ்., மிச்சிகன்

அன்புள்ள எஸ்.,

சாண்டர்ஸ் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. பந்தோடு ஓடும் அழகை மட்டும் வைத்துப் பார்த்தால் எனக்கும் அவர்தான் முதல் ஆள். 1997இல் 2,053 யார்டு எடுத்தவர், 1999இல் ஓய்வு பெற்றபோது அன்றைக்கு ஓட்ட யார்டில் முதலிடத்தில் இருந்த வால்டர் பேட்டனின் சாதனையை எட்ட வெறும் 1,457 யார்டுதான் பாக்கி இருந்தது. அன்றைக்கு அந்தச் செய்தியைக் கேட்டு எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

ஆனால் "யார் ஓடியிருந்தாலும்" என்கிறீர்களே, அதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஏனென்றால் அதையும் ஒரு தடவை பார்த்தாகிவிட்டது. 1993 சீசன் தொடங்கும்போது சம்பளத் தகராறில் ஸ்மித் ஆட வரவில்லை. அதே லைன், அதே எய்க்மன், அதே இர்வின், முந்தின சீசனில் சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டியை ஜெயித்த அதே அணி. முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி. இரண்டாவது ஆட்டத்தில் சொந்த மைதானத்திலேயே பஃபலோ பில்ஸிடம் 13-10. அதற்கப்புறம்தான் கையெழுத்தாகி அவர் வந்தார். இரண்டு ஆட்டத்தை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியாது, சரி. ஆனால் இரண்டு ஆட்டம் விட்டுவிட்டு வந்தவர் அந்த வருடம் 1,486 யார்டு எடுத்து லீகிலேயே முதலாவதாக முடித்தார், சிறந்த வீரருக்கான எம்விபி விருதும் அவருக்கே. சூப்பர் பவுலில் எதிரே நின்றது அதே பில்ஸ். இந்த முறை 30-13. ஸ்கோர் 13-13 என்று நின்றபோது கவ்பாய்ஸ் எட்டு பிளேயில், அதாவது எட்டு முறை பந்தை எடுத்து, 64 யார்டு போய் எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டார்கள், அந்த எட்டில் ஏழு தடவை பந்து ஸ்மித் கையில்தான் இருந்தது. எதிரணிக்கும் அது தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை.

லைனால்தான் அவர் என்று சொல்வதில் அவருக்கே மறுப்பு கிடையாது. 2010இல் ஹால் ஆஃப் ஃபேம் மேடையில் தனக்கு வழி விட்டுக்கொடுத்த ஃபுல்பேக் டேரில் ஜான்ஸ்டனை எழுந்து நிற்கச் சொல்லி, கண்ணீரோடு நன்றி சொன்னவர் அவர்.

சராசரி விஷயத்துக்கு வருகிறேன். சாண்டர்ஸ் பத்து சீசனில், 3,062 ஓட்டங்களில், கால் தளர்வதற்கு முன்பே போய்விட்டார். ஸ்மித் பதினைந்து சீசன், 4,409 ஓட்டம், கடைசி இரண்டு வருடம் அரிசோனாவில் வயதான உடம்போடு. அதைவிட முக்கியமாக, இரண்டு பேரும் செய்த வேலையே வேறு. சாண்டர்ஸ் அறுபது யார்டும் போவார், பின்னாலேயே மடங்கியும் விழுவார். 1994 சீசனின் பிளேஆஃப் நாக் அவுட் ஆட்டத்தில் கிரீன் பே அணி அவரை 13 ஓட்டங்களில் மைனஸ் 1 யார்டில் நிறுத்தியது, லயன்ஸ் 16-12 என்று தோற்றார்கள். உங்களுக்கு அது இன்னும் வலிக்கும் என்று தெரியும், வலிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. ஸ்மித்திடம் கேட்கப்பட்டது இன்னும் இரண்டு யார்டு, இன்னும் மூன்று யார்டு, கூட்டத்துக்குள் தோளைக் கொடுத்து எடுக்கும் யார்டு. அந்த யார்டுகள் சராசரியை ஏற்றாது, ஆனால் பந்து நம்மிடமே இருக்கும். 164 டச்டவுன் ஓடி எடுத்தது அப்படித்தான், இன்றைக்கும் அதை யாரும் தாண்டவில்லை.

ஒரு இடத்தில் நீங்கள் சொல்வது சரி. சாதனை அவர் பெயரில் இருப்பதாலேயே எல்லாக் காலத்துக்கும் அவர்தான் சிறந்தவர் என்று யாராவது சொன்னால், அது அதிகம்தான். எனக்கு என்னவோ அந்த 18,355தான் அவரை மறைத்துவிட்டது என்று தோன்றுகிறது. அந்த எண்ணைப் பார்ப்பவர்களுக்கு வருடக்கணக்கில் சேர்த்து வைத்த ஒரு ஆள்தான் தெரிகிறார்.

1994 ஜனவரி 2 ஆட்டத்தை ஒரு முறை முழுதாகப் பாருங்கள். அதே 1993 சீசனில் நியூ ஜெர்சியில் ஜயன்ட்ஸ் அணியோடு நடந்த கடைசி லீக் ஆட்டம், ஜெயிப்பவர்களுக்கு டிவிஷனில் முதலிடம். இரண்டாம் குவார்ட்டரில் 46 யார்டு ஓடி விழுந்ததில் அவருடைய வலது தோள் மூட்டு விலகிவிட்டது. உள்ளே போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். மொத்தம் 32 ஓட்டம், 168 யார்டு, பத்து கேட்ச். ஓவர்டைமில் ஜெயித்துக் கொடுத்த அந்தப் பதினோரு பிளேயில் ஒன்பதில் பந்து அவரிடம். ஒவ்வொரு தடவை விழும்போதும் பந்து எந்தக் கையில் இருக்கிறது, எப்படி எழுந்திருக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள், பார்த்துவிட்டு எழுதுங்கள்.