எச்டி செட்டாப் பாக்ஸ் மாற்றியும் படம் மங்கல், வசனம் உதட்டோடு சேரவில்லை. பாக்ஸ் கோளாறா, டிவி கோளாறா?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு விஷயம். எச்டிக்கு மாறியும் படம் பழையபடியே இருக்கிறது என்பது ஒன்று, பேச்சும் உதட்டசைவும் ஒட்டவில்லை என்பது இன்னொன்று. கேபிள்காரர் "டிவி பழசு சார்" என்று சொல்லிவிட்டுப் போனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதைக் கேட்டு டிவி வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் செட்டிங்கிலும் நடுவில் போகிற ஒயரிலுமே இது சரியாகிவிடும்.

படத்தை முதலில் முடித்துவிடலாம். பாக்ஸின் பின்னால் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை உள்ள ஏவி ஒயர்தான் டிவிக்குப் போகிறதென்றால் நீங்கள் எச்டிக்குக் கட்டும் காசு வீண். அந்த மஞ்சள் ஒயர் 576 வரிக்கு மேல் கொண்டுபோகாது. எச்டி படம் முழு அளவில் 1920-க்கு 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். பழைய சாதாரணத் தரமான எஸ்டி 720-க்கு 576, வெறும் 4,14,720. ஐந்தில் ஒரு பங்கு. இத்தனைக்கும் 2019-ல் வந்த டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) கட்டண முறையில், சேனல் எண்ணிக்கைக்குக் காசு வாங்கும்போது ஒரு எச்டி சேனலை இரண்டு எஸ்டி சேனலாகக் கணக்குப் போட்டார்கள். எச்டி படமும் ஒலியும் ஒன்றாகப் போகிற எச்டிஎம்ஐ ஒயரை மாட்டுங்கள். அதைப் போட்டும் மங்கல் என்றால், பாக்ஸின் மெனுவில் வீடியோ அவுட்புட் 576-லேயே நிற்கிறதா பாருங்கள். 1080-க்குப் பக்கத்தில் ‘ஐ’ எழுத்துப் போட்டிருப்பதைத் தேர்ந்தெடுத்து, 50 ஹெர்ட்ஸ் வையுங்கள். 60-ல் இருந்தால் செய்தி சேனலில் கீழே ஓடும் எழுத்து தத்தித் தத்திப் போகும். நம் நாட்டு ஒளிபரப்பு 50 கணக்கில் வருவது. ஐந்துக்கு ஒன்றைத் திரும்பக் காட்டித்தான் பாக்ஸ் அதை 60 ஆக்குகிறது.

முகமெல்லாம் அகலமாகத் தெரிந்தால் 4:3 படத்தை 16:9-க்கு இழுத்து வைத்திருக்கிறது, ஆட்டோவில் விடுங்கள். ஓரங்கள் வெட்டுப்பட்டால் டிவியில் ஓவர்ஸ்கேனை, அதாவது படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டும் செட்டிங்கை, அணையுங்கள். படம் கட்டம் கட்டமாக உடைந்தால் செட்டிங் எதுவும் உதவாது. மொட்டைமாடியில் எங்காவது முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு இருக்கும், அங்கே கனெக்டர் போடச் சொல்லுங்கள். பழைய படங்களின் எஸ்டி பிரதியை எச்டி சேனலில் போட்டாலும் அவை மங்கலாகத்தான் வரும், அதற்கு உங்கள் பாக்ஸ் பொறுப்பில்லை.

இனி ஒலி. உங்கள் கேள்வியில் இந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

பாளையங்கோட்டையில் மைக் செட் வைத்திருக்கிறேன். அப்பா காலத்துத் தொழில். கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தெருமுனை வரை குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறவனுக்கு ஒலி எவ்வளவு மெதுவாகப் போகும் என்று தெரியும். நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான். மேளக்காரரிடமிருந்து 34 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். கை விழுந்து நொடியில் பத்தில் ஒரு பங்கு கழித்துத்தான் அடி காதுக்கு வரும். பிறந்ததிலிருந்து நாம் இதற்குப் பழகியிருப்பதால், ஒலி கொஞ்சம் பிந்தினால் மனசு பொறுத்துக்கொள்கிறது. முந்தி வருகிற ஒலி இயற்கையில் கிடையாது, அதனால் உடனே உறுத்தும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998-ஆம் ஆண்டுப் பரிந்துரை ஒன்றிலும் இது உண்டு. ஒலி பிந்தினால் 125 மில்லி நொடி வரை மனிதர்களுக்குத் தெரிவதில்லை. முந்தினால் 45 மில்லி நொடியிலேயே தெரிந்துவிடுகிறது.

என் அம்மாவுக்குக் காது மந்தம். காதுக்குப் பின்னால் மாட்டுகிற மெஷின் இருக்கிறது, ஆனாலும் பாதிப் பேச்சை உதட்டைப் பார்த்துத்தான் பிடிப்பாள். அவளுக்காகவே டிவியோடு ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கிறேன். கொடை சீசனில் நான் வெளியூரில் இருந்தபோது கேபிள்காரர்கள் வந்து பழைய பாக்ஸைக் கழற்றிவிட்டு எச்டி பாக்ஸ் மாட்டியிருக்கிறார்கள். வந்த பையன் படத்தை எச்டிஎம்ஐயில் டிவிக்கும், ஒலியைச் சிவப்பு வெள்ளை ஒயரில் நேராக ஆம்ப்ளிஃபயருக்கும் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். நான் திரும்பி வந்தபோது அம்மா டிவி பார்ப்பதையே விட்டிருந்தாள். கேட்டதற்கு, "அவ வாயைத் தொறக்கதுக்கு முன்னாலயே பேச்சு வந்துருதுல. ஒண்ணும் வெளங்க மாட்டேங்கு" என்றாள்.

கேபிள் ஆபீசுக்குப் போன் போட்டேன். "படம் பளிச்சுனு வருதுல்லா அண்ணாச்சி? அம்மைக்கு வயசாயிட்டு, அதான் அப்படித் தோணுது" என்றார்கள். இந்தப் பதில்தான் என்னை இன்றுவரை உறுத்துகிறது. காது கேட்காதவர் சொன்னால் அதை வயசுக் கணக்கில் தள்ளிவிடுவதா? நாம் எல்லோரும் கதையைப் பார்க்கிறோம், அவர்கள் உதட்டைப் பார்க்கிறார்கள். உதடும் பேச்சும் விலகுவது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

நடந்தது இதுதான். இப்போதைய டிவிகள் உள்ளே வரும் படத்தை அப்படியே காட்டுவதில்லை. பாதிப் பாதி வரிகளாக வருவதைச் சேர்த்து முழுப் படமாக்கி, அசைவை மென்மையாக்கி, நிறத்தைத் திருத்தி, பிறகுதான் திரைக்கு விடுகின்றன. அதற்குச் சில படங்களைக் கையில் பிடித்து வைத்திருக்க வேண்டும். நொடிக்கு 25 என்ற கணக்கில் ஒரு படம் 40 மில்லி நொடி, மூன்றைப் பிடித்துவைத்தால் 120 ஆகிவிடும். எங்கள் வீட்டில் படம் டிவிக்குள் காத்துக் கிடக்க, ஒலி நேராக ஆம்ப்ளிஃபயருக்குப் போய்விட்டது. சிவப்பு வெள்ளை ஒயரைப் பிடுங்கிவிட்டு, டிவியின் ஹெட்போன் துளையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒயர் கொடுத்தேன். தன் வழியாகப் போகும் ஒலியைப் படத்துக்குத் தகுந்தபடி டிவியே நிறுத்தி அனுப்பும். அப்புறம் அசைவை மென்மையாக்கும் வேலையை அணைத்து, படத்தைக் கேம் மோடில், அதாவது டிவி படத்தை அதிகம் திருத்தாமல் சீக்கிரம் காட்டும் செட்டிங்கில், வைத்தேன். அம்மா மறுபடி ராத்திரிச் செய்தி பார்க்கிறாள்.

உங்கள் வீட்டிலும் சவுண்ட்பாரோ ஹோம் தியேட்டரோ இருக்கும் என்றே நினைக்கிறேன். பாக்ஸிலிருந்து நேராக ஒயர் போயிருந்தால் டிவி வழியாக மாற்றுங்கள். ப்ளூடூத்தில் கேட்டால் ஒலி பிந்தத்தான் செய்யும், ஒயருக்கு மாறுங்கள். அப்படி எதுவும் இல்லை, டிவி ஸ்பீக்கரிலேயே விலகுகிறது என்றால், ஒரு சேனலில் மட்டுமா எல்லாவற்றிலுமா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் என்றால் அனுப்புகிற இடத்திலேயே கோளாறு. பார்க்கப் பார்க்க விலகிக்கொண்டே போனால் சேனலை மாற்றிவிட்டுத் திரும்ப வாருங்கள். படத்துக்கும் ஒலிக்கும் தனித்தனி நேர முத்திரை வருகிறது, சிக்னல் அறுந்தால் சில பாக்ஸ்கள் அந்தக் கணக்கைத் தவறவிடும். சேனல் மாற்றினால் புதிதாகப் பிடிக்கும். சில சேனலில் சத்தமே வரவில்லை என்றால் பாக்ஸின் ஆடியோ அவுட்புட்டைப் பிசிஎம் என்று மாற்றுங்கள். டால்பி என்கிற சுருக்கிய ஒலி வடிவத்திலேயே வெளியே விடும்போது அதைப் படிக்கத் தெரியாத டிவி மௌனமாகிவிடும்.

"கேபிளை வெட்டிவிட்டு ஓடிடி பாருங்கள்" என்று யாராவது கீழே எழுதுவார்கள். எழுபதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு நம்பரை அழுத்தினால் சேனல் வர வேண்டும், அவ்வளவுதான். அவர்களை ஆப் ஆப்பாகத் தேடச் சொல்வது நியாயமில்லை. "டிவிக்கு டிவி தாமதம் வேறுபடும், இவர் சொல்லும் கணக்கு பொருந்தாது" என்று விவரம் தெரிந்தவர்கள் வரலாம். உண்மைதான், வேறுபடும். ஆனால் ஒலியையும் டிவி வழியாகவே விட்டால் அந்தத் தாமதத்தை அளக்க வேண்டிய அவசியமே வராது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் எங்கே போய்ச் சொல்வது? எங்கள் பாக்ஸ் ரிமோட்டில் சப்டைட்டில் பொத்தான் ஒன்று இருக்கிறது. தமிழ் சேனலில் அதை அழுத்தி எழுத்து வந்து நான் பார்த்ததில்லை. ஆங்கிலப் படம் போடும் சேனல்களில் கீழே ஆங்கில வசனம் ஓடுகிறது, தமிழ் நிகழ்ச்சிக்குத் தமிழ் வசனம் ஓடினால் என்ன? 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. காது கேளாதோருக்கு டிவி நிகழ்ச்சிகள் எட்ட வேண்டும் என்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019-ல் தரநிலைகளும் வெளியிட்டது. எழுத்து தெரிந்த அம்மாவுக்கு அது கிடைத்தால் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். விளம்பரம் வந்ததும் சத்தம் ஏறுவது இன்னொரு கொடுமை. மெஷின் மாட்டியவர்களுக்கு அது காதில் அறைகிற மாதிரி. ராத்திரி 10 மணிக்கு மேல் குழாய் ஸ்பீக்கர் பாடக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டிலிருந்து எங்களுக்கு விதி இருக்கிறது, நானும் மதித்து நிறுத்துகிறேன். விளம்பரச் சத்தம் மீறக் கூடாது என்று கேபிள் விதிகளிலும்தான் எழுதியிருக்கிறது. அதை யார் வந்து நிறுத்துகிறார்கள்?

சரி, நீங்கள் ஒலியை எதில் கேட்கிறீர்கள், பாக்ஸிலிருந்து எந்தெந்த ஒயர் எங்கே போகிறது என்பதைக் கேள்வியில் சேர்த்து எழுதுங்கள். பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துப் போட்டால் இன்னும் நல்லது. எதைப் பிடுங்கி எதில் செருக வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.